அம்மாவின் சுங்குடிச் சேலையில் ஒரு போர்வை: கத்தரி தொடாமல், கையாலேயே தைப்பது எப்படி

அம்மா போனது ஆடியில். ஐப்பசியில் தீபாவளி வந்தது. பங்காளி வீட்டில் சாவு என்றாலே அந்த வருஷம் பண்டிகை இல்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொந்த அம்மா என்றால் கேட்கவே வேண்டாம். வாசலில் கோலம் இல்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இல்லை, புதுத்துணி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் தூக்குவாளியில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். மற்ற வருஷமென்றால் அந்த வாரம் முழுக்க என் கை மாவில் இருக்கும். இந்த முறை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சும்மா இருத்தல்தான் தாங்க முடியாததாக இருந்தது.

அப்போதுதான் அம்மாவின் ஒரு சேலையை எடுத்துப் போர்வையாகத் தைக்க ஆரம்பித்தேன். இதற்கு முன்பு பட்டன் தைத்ததைத் தவிர எனக்கு ஊசிப் பழக்கம் கிடையாது. உங்களுக்கும் இந்தப் பண்டிகைக் காலம் கனமாக இருந்தால், காரணம் எதுவாக இருந்தாலும், இதைச் செய்து பாருங்கள். சேலையை வெட்ட வேண்டியதில்லை. முதலிலேயே இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் மூன்று நாள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். அம்மாவின் சேலையில் கத்தரி வைக்க மனசு வரவில்லை. வரவும் வேண்டாம். ஐந்தரை மீட்டர் சேலையை நான்காக மடித்தாலே ஒரு போர்வை அளவு வந்துவிடும்.

எந்தச் சேலை?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இறந்தவரின் துணிகளை யாருக்காவது எடுத்துக் கொடுத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரண்டு சேலையை எடுத்து வையுங்கள். ஒன்று தைக்க. இன்னொன்றைத் துவைக்காமல், அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி பீரோவில் வைக்க. துவைத்தால் வாசனை போய்விடும், திரும்ப வராது. இது தையலுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனால் எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

தைப்பதற்குப் பருத்திச் சேலைதான் சரி. நிறையத் துவைத்து மெத்தென்று ஆன சேலை என்றால் ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். பட்டுச்சேலை வேண்டாம், ஜரிகை உடம்பில் உறுத்தும், வீட்டில் துவைக்கவும் முடியாது. பாலியஸ்டர் வழுக்கும், அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நிற்காது. முகூர்த்தச் சேலையைத் தொடவே வேண்டாம்.

துணியில் இன்னும் பலம் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து அகலவாக்கில் ஒரு இழு இழுங்கள். நூல் விலகிக் கண்ணாடி மாதிரி தெரிந்தால் அந்த இடம் நைந்துவிட்டது. அங்கங்கே அப்படி இருந்தால் பரவாயில்லை, நான்கு அடுக்கில் மறைந்துவிடும். சேலை முழுக்க அப்படி என்றால் வேறு சேலை எடுங்கள்.

நான் எடுத்தது அரக்கு நிறச் சுங்குடி, பச்சைக் கரை. மதுரையில் சௌராஷ்டிரச் சமூகத்தார் பல தலைமுறையாகச் செய்துவரும் சேலை இது. துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் படாத இடம் புள்ளியாக நிற்கும். 2005இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் அச்சடித்த புள்ளிதான். அம்மாவுடையது கையால் முடிந்தது. ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கோணலாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருக்கும்.

உங்களிடம் சுங்குடி இல்லையென்றால் கட்டம் போட்டதோ கோடு போட்டதோ எடுங்கள். தையலுக்கு அதுவே வழி காட்டும், சாக்பீஸால் கோடு போட வேண்டியதில்லை.

வாங்க வேண்டியவை

எல்லாம் ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும். எம்பிராய்டரி ஊசி ஒரு பாக்கெட், 7ஆம் நம்பர் போதும். ஊசியில் நம்பர் கூடக் கூட மெலிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். ஆறு இழை எம்பிராய்டரி நூல், 8 மீட்டர் கண்டு, எட்டு கண்டு. சேஃப்டி பின் இரண்டு டஜன். நூலோட்டம் போட, அதாவது அடுக்குகள் நகராமல் இருக்கத் தற்காலிகமாகத் தைத்து வைக்க, ஏதாவது பழைய தையல் நூல், சேலைக்கு எதிர் நிறத்தில். நடுவிரல் நுனியில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன உலோக மூடி, திம்பிள் என்று கேட்டு வாங்குங்கள். முதல் நாள் அலட்சியமாக விட்டுவிட்டு இரண்டாம் நாள் விரல் புண்ணானபின் ஓடிப்போய் வாங்கினேன்.

ஊசியைப் பகலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்க மாட்டேன் என்பவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள்.

துவைத்துத் தயார் செய்வது

சேலையின் அடிக்கரையில் ஃபால்ஸ் தைத்திருந்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள். பிறகு கஞ்சி முழுக்கப் போகும்வரை அலசி, நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போடுங்கள். சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்தால் தெரிந்துவிடும்.

இஸ்திரி போடும்போதுதான் முந்தானையில் ஒரு இடத்தைப் பார்த்தேன். தோளில் பின் குத்தும் இடம். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் குத்திக் குத்தி ஏழெட்டு சின்ன ஓட்டைகள், அவற்றைச் சுற்றி வெளிறிய பழுப்பில் துருக் கறை, ஒரு பொட்டு அளவுக்கு. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தால் துருக் கறை மங்கும். நான் தேய்க்கவில்லை. அந்த இடம் மேலே வரும்படிதான் மடித்தேன்.

மடிப்பது

கொசுவம் வைக்கத் தெரியுமா? அதேதான், பெரிய அளவில். முந்தானை மேலே வரவேண்டும். அதிலிருந்து 1.37 மீட்டர் அளந்து உள்பக்கம் மடித்து, அங்கிருந்து அதே அளவுக்குத் திருப்பி மடித்து, இன்னும் ஒரு முறை. நான்கு அடுக்கு. 1.37 மீட்டர் நீளம், சேலையின் அகலமே போர்வையின் அகலம், ஏறக்குறைய 1.15 மீட்டர். உட்கார்ந்திருப்பவரின் மடியிலிருந்து பாதம்வரை மூடும். கண்டாங்கி மாதிரி கனமான சேலை என்றால் நான்கு அடுக்கில் ஊசி இறங்காது. மூன்றாக மடியுங்கள், 1.83 மீட்டர் வரும். அது ஓர் ஆள் படுத்துப் போர்த்திக்கொள்ளும் நீளம்.

இந்த ஒரு வேலைக்கு மட்டும் இன்னோர் ஆள் வேண்டும். தரையைத் துடைத்துக் காயவைத்து, அப்பாவைக் கூப்பிட்டேன். அதுவரை அவர் அந்தப் பக்கமே வரவில்லை. எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் கழித்து, "இது எங்க எடுத்தது தெரியுமா உனக்கு?" என்றார்.

"தெரியாதுப்பா."

"புதுமண்டபத்துக்கிட்ட. நீ அப்ப வயித்துல. உங்கம்மா நாலு கடை ஏறி எறங்குனா."

ஆடி மாதத்துக்குப் பிறகு அப்பா அம்மாவைப் பற்றித் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் எதுவும் சொல்லாமல் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

நீவுவது எப்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு. உள்ளங்கையால் நான்கு திசைக்கும் தள்ளுங்கள், காற்று வெளியேறும். ஒரு சாணுக்கு ஒரு சேஃப்டி பின். பிறகு எதிர் நிற நூலால் நீளவாக்கிலும் குறுக்கிலும் ஒரு சாண் இடைவெளியில் நீள நீளமாக நூலோட்டம் போட்டு, பின்களைக் கழற்றிவிடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். நூலோட்டம் இல்லாமல் தைத்தால் அடுக்குகள் நகர்ந்து, பாதி வேலையில் அடித்துணி ஒரு பக்கம் பை மாதிரி தொங்கும்.

தைப்பது

ஓரத்தைத் தவிர இதில் ஒரே ஒரு தையல்தான், ஓட்டுத் தையல். டெய்லர்கள் ரன்னிங் ஸ்டிச் என்பார்கள். ஆறு இழையில் மூன்றை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வோர் இழையாக மேல்நோக்கி உருவினால் சிக்காது. நீளம் ஒன்றரை முழம், அதற்கு மேல் வேண்டாம். நூல் நீளமாக இருந்தால் முறுக்கிக்கொள்ளும், நைந்தும் போகும். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மேலடுக்கில் மட்டும் ஊசியை நுழைத்து, தொடங்கும் புள்ளியில் வெளியே எடுத்து, சட்டென்று இழுங்கள். முடிச்சு அடுக்குக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

இடது கை போர்வைக்கு அடியில் இருக்கட்டும். ஊசி முனை அடியில் விரலைத் தொட்டதும் மேலே திருப்புங்கள். அப்படித்தான் நான்கு அடுக்கும் பிடிபட்டது என்று தெரியும். ஒரு தையல் ஓர் அரிசி நீளம், இடைவெளியும் ஓர் அரிசி நீளம். மூன்று நான்கு தையலை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு பிறகு நூலை இழுங்கள். துணி தட்டையாக இருக்கும்வரைதான் இழுக்க வேண்டும். நான் முதல் ஒன்பது வரியை இறுக்கி இறுக்கித் தைத்து, நடுவெல்லாம் சுருங்கி, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பிரித்தேன். பிரிக்கும்போது ஒன்று கவனித்தேன். மனசு இறுகியிருந்த நாளில்தான் நூலும் இறுகியிருந்தது. அதிலிருந்து, ஊசியை எடுப்பதற்கு முன்னால் தோளைத் தளர்த்திக்கொண்டு இரண்டு மூச்சு விட்டுவிட்டுத்தான் உட்காருவேன். கையோடு இன்னொன்று: மடியில் ஒரு தாம்பாளத்தையோ அட்டையையோ வைத்து அதன்மேல் துணியைப் போட்டுத் தையுங்கள். இல்லையென்றால் உடுத்தியிருக்கும் துணியும் சேர்ந்து தைபடும்.

முதல் வரி போர்வையின் நடுவில், நீளவாக்கில். அதிலிருந்து இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே போங்கள். வரிக்கு வரி ஒரு விரல் இடைவெளி. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவிலும் இதே ஓட்டுத் தையல்தான், நூலைக்கூட முன்பெல்லாம் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பார்களாம். வட கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்களின் வழி நேர்மாறு. ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். புதிதாகத் தைப்பவருக்கு நடுவிலிருந்து போவதுதான் எளிது, சுருக்கம் விழுந்தாலும் ஓரத்துக்குத் தள்ளிவிடலாம்.

கணக்கு சொல்லிவிடுகிறேன். ஒரு விரல் இடைவெளியில் ஐம்பத்தைந்திலிருந்து அறுபது வரி வரும். புதுக் கைக்கு ஒரு வரி இருபது நிமிஷம் ஆகும். நாளைக்கு இரண்டு வரி என்றால் ஒரு மாதம். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்வேன், நன்றாகப் போகிற நாளிலும். சீக்கிரம் முடிப்பதற்காக இதை எடுக்கவில்லை. ஒன்றும் ஓடாத நாளில் நூல் கோர்த்து வைத்தால் போதும். அதுகூட முடியாத நாள் வரும், அன்று விட்டுவிடுங்கள். எனக்கு நடுநடுவே விட்டு விட்டு ஐம்பது நாள் ஆயிற்று.

தீபாவளி அன்று காலை நாலு மணிக்குத் தெருவில் முதல் சரம் வெடித்தது. தூக்கம் போய்விட்டது. முன்அறை விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். சுங்குடிப் புள்ளியில் ஊசியை இறக்கி, அடுத்த புள்ளியில் ஏற்றி, அடுத்ததில் இறக்கி. கொஞ்ச தூரம் போனபிறகுதான் கைக்கு இது பழகிய வழியாக இருக்கிறதே என்று பட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த நேரத்தில் வாசலில் அம்மா புள்ளி வைப்பார், நான் பின்னாலேயே கோடு இழுத்துக்கொண்டு போவேன். வாசல் தெளித்ததோடு நின்றுபோன அந்த வருஷத்தில், மடியில் இருந்த சேலையில் புள்ளியெல்லாம் தயாராக இருந்தது. அழுதேன். அழும்போது ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிடுங்கள், கீழே போட்டால் தேடுவது கஷ்டம். அன்று மட்டும் நாலு வரி தைத்தேன். ஒரு வரி கொஞ்சம் வளைந்து போயிருக்கிறது, அதைப் பிரிக்கவில்லை.

துக்கத்தைத் துணியில் தைத்தவர்கள் நிறையப் பேர். 1987 அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டனில், எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களின் பெயர்களைத் தைத்த 1,920 துணிகளைச் சேர்த்துத் தரையில் விரித்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு மனிதரைப் புதைக்கும் குழியின் அளவு. உறவினர்களும் நண்பர்களும் தைத்தவை. அந்தப் படங்களை முன்பே பார்த்திருக்கிறேன். ஊசியைக் கையில் எடுத்த பிறகு பார்த்தபோது, ஒவ்வொரு துணிக்குப் பின்னாலும் எத்தனை ராத்திரி இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

ஓரம் முடிப்பது

எல்லா வரியும் முடிந்ததும் நூலோட்டத்தை உருவிவிடுங்கள். நான்காக மடித்திருந்தால் முந்தானை முனையும் சேலையின் மறுமுனையும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டையும் அரை அங்குலம் உள்ளே மடக்கி, நேருக்கு நேர் சேர்த்து, இரண்டு விளிம்பையும் சின்னச் சின்னத் தையலாகப் பிடித்து ஹெம்மிங் போடுங்கள். எதிர்ப்பக்கம் மடிப்புதான், அங்கே வேலை இல்லை. கரை வரும் இரண்டு நீளப் பக்கமும் நான்கு அடுக்கையும் சேர்த்துப் பிடித்து, ஊசியை அடியிலிருந்து மேலே, அடியிலிருந்து மேலே என்று ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு போகலாம். அடுக்குகள் ஒன்றுக்கொன்று கால் அங்குலம் முன்னே பின்னே நின்றால் கவலைப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான் வரும்.

பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசி, பிழியாமல், நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். காய்ந்ததும் தையலுக்குத் தையல் துணி லேசாகச் சுருங்கி, அலை அலையாக எழும்பி நிற்கும். இஸ்திரி போட்டு அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

என்னுடையது கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் முடிந்தது. மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டிருந்ததை மழை வருமோ என்று அப்பாவே போய் எடுத்து வந்தார். மார்கழி முழுக்க விடியற்காலையில் நாற்காலியில் அதைப் போர்த்திக்கொண்டுதான் பேப்பர் படித்தார். தை பிறந்ததும் ஒருநாள் பீரோவைத் திறந்து நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த நீலக் கட்டம் போட்டது எங்க?"

இந்த முறை நூல் கோர்ப்பது அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.