இரத்தத்தில் மார்க்கர் தேடுகிறவர்கள் விடும் பிழைகள்

ஆய்வுத் திட்டம் எழுதும் காலம் வந்தால் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆய்வுகூட வாசலில் ஒரே கதைதான். "சேர், புற்றுநோய்க்குப் புது மார்க்கர் ஒண்டு பாக்கப் போறம்." மார்க்கர் என்றால் நோயைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பொருள். நல்ல விசயம். திட்டத்தைப் புரட்டினால், நாங்கள் படித்த காலத்துப் பிழைகளே புதுத் தட்டச்சில் இருக்கும். ரியூபில் பெயர் எழுத மறப்பது, காலாவதியான பரிசோதனைக் கிற்றைப் பாவிப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவற்றை ஆய்வுகூடப் பொறுப்பாளர் ஏசியே திருத்திவிடுவார்.

நோயாளிக்கு ஒரு வழி, மற்றவருக்கு வேறு வழி

இதை மட்டும் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

ஒரு குழு, கிளினிக்கில் புற்றுநோயாளரிடம் காலையில் இரத்தம் எடுத்தது. சிவப்பு மூடி ரியூப்கள் கிளினிக் முடியும்வரை மேசையில் கிடந்தன. மத்தியானம்தான் சித்திரை வெயிலில் பலாலி வீதி வழியே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தன. நோயில்லாதவர்களாக யாரைப் பிடித்தார்கள்? கூடப் படிக்கிற பிள்ளைகளை. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ரிபியூஜுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தி எடுத்து, அரை மணித்தியாலத்தில் சீரம் (இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) பிரித்து பிறீசருக்குள் வைத்தாயிற்று.

அளந்தது வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதம். கட்டி தனக்கென்று இரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ள உதவுவது. நோயாளரில் கூடுதல், பிள்ளைகளில் குறைவு. வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் பி பெறுமானமும் அழகு. பிள்ளைகளுக்குக் கால் நிலத்தில் இல்லை.

ஆனால் அதே புரதம் குருதிச் சிறுதட்டுகளுக்குள்ளும் இருக்கிறது. இரத்தம் உறையும்போது வெளியே வரும். உறைகட்டியோடு சூட்டில் கிடக்கக் கிடக்கச் சீரத்தில் ஏறும். ஒரு பெடியனின் அதே கையிலிருந்து இரண்டு ரியூப் எடுத்து, ஒன்றை உடனேயும் மற்றதை மத்தியானமும் பிரிக்கச் சொன்னேன். காலையில் சுகமாக இருந்த பெடியன் மத்தியானம் புற்றுநோயாளி ஆகிவிட்டான்.

கிற்றுக்குக் கொட்டிய காசு போகட்டும். அந்த நோயாளர் சிலரிடம் மறுபடி இரத்தம் கேட்க வழியில்லை. சிகிச்சை தொடங்கிவிட்டது, சிலர் உயிரோடும் இல்லை.

வெளிநாட்டிலும் இதே வில்லங்கம்தான். 2002இல் லான்செற் சஞ்சிகையில் வந்த கட்டுரை, சீரப் புரதக் கோலத்தை வைத்து 50 சூலகப் புற்றுநோயாளரில் 50 பேரையும், நோயில்லாத 66 பேரில் 63 பேரையும் சரியாகப் பிரித்ததாகச் சொன்னது. தரவைத் திரும்பக் கிளறிய புள்ளிவிபரவியலாளர்கள், அந்த வேறுபாடு நோயினால் வந்ததா, மாதிரிகளை இயந்திரத்தில் ஓட்டிய விதத்தினால் வந்ததா என்று கேட்டார்கள்.

ஆகவே ஒரே கிளினிக், ஒரே ரியூப், ஒரே காத்திருப்பு நேரம். அளக்கும் தட்டில் இரு பகுதியினரின் மாதிரிகளையும் கலந்து வையுங்கள். அளப்பவருக்கு யார் எவர் என்று தெரியக்கூடாது. ஒப்பிட 22 வயதுப் பிள்ளைகள் வேண்டாம். வயிறு வீங்கி வந்த பெண்ணுக்குப் புற்றுநோயா, வயிற்றுக் காசநோயா, கருப்பை உட்படை வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸா என்பதுதான் வைத்தியரின் தலையிடி. சூலகப் புற்றுநோய்க்கு அளக்கும் சிஏ-125 என்ற புரதம் மூன்றிலும் ஏறும். அவர்களோடு ஒப்பிடுங்கள்.

95 வீதம் என்ற மயக்கம்

ஒரு இலட்சம் பெண்களில் 100 பேருக்கு நோய் என்று வையுங்கள். உங்கள் ரெஸ்ற் நோயுள்ளவரில் 99 வீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவரில் 95 வீதத்துக்கு நோயில்லை என்று சரியாகச் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 99 நோயாளரோடு 4,995 சுகதேகிகளும் பயந்துபோய் வரிசையில் நிற்பார்கள். இத்தனை பேருக்கும் ஸ்கான் எங்கே எடுப்பது? பிரித்தானியாவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களில் சிஏ-125ஐயும் ஸ்கானையும் வைத்து நடத்திய ஆய்வின் 2021 முடிவு: சூலகப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை.

ட்ரொபோனின் கூடினால் மாரடைப்பு

இல்லை. ட்ரொபோனின் இதயத்தசையில் உள்ள புரதம். இதயத்தசை காயப்பட்டிருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. நாட்பட்ட சிறுநீரக நோயிலும் இதயத்தசை அழற்சியிலும் கூடும். சில மணித்தியால இடைவெளியில் இரண்டு தரம் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

உருக்கி, மறுபடி உறைய வைப்பது

ஒரே சீரத்தைத் திரும்பத் திரும்ப உருக்காமல் இருக்க, சின்னச் சின்ன ரியூபாகப் பிரித்து வையுங்கள். பிறீசருக்கு ஜெனரேற்றர் இருக்கிறதா என்றும் முதலே கேளுங்கள். 2022 மின்வெட்டு மறந்துபோகவில்லைத்தானே.

ஆயிரம் புரதம், நாற்பது நோயாளர்

இவ்வளவு சிலரில் இத்தனை புரதத்தை அளந்தால், ஏதோ ஒன்று தற்செயலாக நோயோடு பொருந்தத்தான் செய்யும். வேறு ஊர் மாதிரிகளில் திரும்பப் பாருங்கள்.

பயோட்டின்

இரத்தம் கொடுப்பவர் முடி வளரப் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை போடுகிறாரா என்று கேளுங்கள். சில கிற்றுகளில் அது ட்ரொபோனினைக் குறைத்துக் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்துவிட்டது. என்னிடம் வரும் வினாக்கொத்துகளில் இந்தக் கேள்வியை இன்னும் காணவில்லை.