சாரல் நாட்களில் மட்டும் வாய்நீர் வடித்த நாய்
கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு நாய்க்கு வாய்நீர் வடிவதும், முன்காலால் வாயைத் தேய்ப்பதும், சோற்றை முகர்ந்துவிட்டு விலகுவதும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தன. பல்லில் குறையில்லை என்றார் மிருக வைத்தியர். உணவை மாற்றியும் பயனில்லை. தென்மேற்குப் பருவமழையின் சாரல் பல்கனிக்குள் அடிக்கும் நாட்களில் மட்டுமே இது நேர்வதையும், அந்நாட்களில்தான் அங்கே தொங்கும் மணி பிளாண்ட் சாடி உள்ளே தரைக்கு இறக்கப்படுவதையும் பின்னர் இணைத்துப் பார்த்தேன். முன்புற இலைகள் முழுமையாக இருந்தன. சுவர்ப்பக்கத் தண்டில்தான் பற்தடம். இச்செடியிலும் டிஃபன்பாக்கியா என்னும் அலங்காரச் செடியிலும் உள்ள ஊசி வடிவக் கல்சியம் ஒக்சலேட் படிகங்கள், கடித்தவுடனேயே வாயிலும் நாவிலும் குத்தி எரிச்சலூட்டுபவை. உள்ளேயும் ஓர் உயரக் கொக்கி அடித்து, கொடியைக் குட்டையாக வெட்டிய பின் தொல்லை நின்றது. ஈரலைக் கெடுக்கும் சைக்கஸ் என்னும் பனை போன்ற அலங்காரச் செடிக்கும் இதயத்தைத் தாக்கும் அலரிக்கும் கொக்கி போதாது. அவை வீட்டுக்கே வேண்டாம்.