வார்டு வேட்பாளரை முகநூலில் எடைபோடும்போது நேரும் தவறுகள்

கடலூர் 2021இல் மாநகராட்சியானது. அதன் 45 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் நடந்தது. வார்டு வேட்பாளர் எப்படிப்பட்டவர் என்று அறிய இப்போது பலரும் முதலில் திறப்பது அவருடைய முகநூல் பக்கத்தைத்தான். திறப்பது நல்லதே. ஆனால் அங்கே எதைப் பார்ப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

நிறையப் பதிவு போடுகிறவர் ஒளிவுமறைவு இல்லாதவர் என்று நம்புவதே இதில் பெரிய தவறு. காதணி விழா, கும்பாபிஷேகம், தலைவர் பிறந்தநாள் என்று நாளுக்கு நான்கு படம் வரலாம். அதனால் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் என்றாகிவிடாது. படங்களை விட்டுவிட்டு அவற்றின் கீழே உள்ள கருத்துகளைப் படியுங்கள். “எங்கள் தெருவில் தோண்டிய பள்ளத்தை எப்போது மூடுவார்கள்?” என்று ஒருவர் கேட்டிருப்பார். அதற்குக் கைகூப்பும் படம் மட்டும் வந்திருக்கிறதா, கேள்வியே நீக்கப்பட்டிருக்கிறதா, அல்லது “பொறியாளரிடம் கேட்டேன், மழைக்குப் பிறகுதான் முடியும் என்கிறார்” என்று பதில் இருக்கிறதா? கசப்பான பதிலாக இருந்தாலும் கடைசி ஆளைத்தான் நான் நம்புவேன்.

தேர்தல் மாதப் பதிவுகளோடு நின்றுவிடுவதும் தவறு. 2024 டிசம்பருக்குப் போய்ப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணையில் திறந்த நீரும் தென்பெண்ணையில் பெருகி, கரையோரக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்த நாட்கள் அவை. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பள்ளியில் முகாம் என்று எழுதினாரா? உணவுப் பொட்டலம் வாங்குபவரின் முகத்தைப் படம்பிடித்துப் போட்டாரா? ஆளின் குணம் அங்கே தெரிந்துவிடும்.

பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதையும் முகநூலிலேயே ‘பக்க வெளிப்படைத்தன்மை’ பகுதியில் பார்க்கலாம். நேற்று வரை வேறு பெயரில் ஓடிய பக்கம் என்றால், அதைப் பின்தொடரும் ஆயிரக்கணக்கானோரை வேட்பாளரின் செல்வாக்காகக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டை, மூலப் பதிவைப் பார்க்காமல் நம்பவே கூடாது.

தமிழக உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை. சில பெண் வேட்பாளர்களின் பக்கத்தைக் கணவரோ அண்ணனோ நடத்துகிறார். அதைப் படித்து அவரைத் தெரிந்துகொண்டதாக நினைக்க வேண்டாம். நேரில் அவரிடமே பேசுங்கள். கணக்கே இல்லாதவரை எதையோ மறைக்கிறார் என்று ஒதுக்குவதும் அநியாயம். கடலூரின் தேவனாம்பட்டினத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒருவருக்கு முகநூல் தேவைப்படாமல் இருக்கலாம்.

சொத்து, கடன், வழக்கு விவரங்களை வேட்பாளர் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் சமூக ஊடகக் கணக்குகளையும் அதிலேயே குறிப்பிட வேண்டும். முதலில் அந்தப் பத்திரத்தைப் படியுங்கள். அதில் வழக்கு ஏதும் இருந்தால், அதைப் பற்றி அவருடைய பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி மரியாதையாகக் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து அந்தக் கேள்வி அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள்.