பழைய பி.எஸ்.டி. கோப்பில் கிடக்கும் மெயில்களைப் புது வடிவத்துக்கு மாற்றுவது எப்படி

அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளை முழுவதுமாக மூடுங்கள். பழைய பி.எஸ்.டி. கோப்பை, அதாவது அவுட்லுக் மெயில்களைச் சேமித்து வைக்கும் கோப்பை, வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். மூலக் கோப்பின் பிராப்பர்ட்டீஸில் ரீட்-ஒன்லி என்பதைத் தேர்வு செய்துவிட்டு, இனி அதைத் தொடாதீர்கள். ஒரு மெயிலைக்கூடத் திறக்காவிட்டாலும், பி.எஸ்.டி.யை இணைத்த உடனே அவுட்லுக் அதற்குள் எழுத ஆரம்பித்துவிடும். அதனால் இங்கே சொல்லும் எல்லா வேலையும் நகலில்தான்.

அலுவலகத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஓய்வு பெற்றவர்களின் கணினியிலிருந்து எடுத்த கோப்பு, எப்போதோ சிடியில் எழுதி வைத்த கோப்பு என்று பலரும் கொண்டு வருவார்கள். டெண்டர் கடிதம் முதல் மகன் வெளிநாட்டிலிருந்து எழுதிய முதல் மெயில் வரை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். அவற்றில் ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்பதே என் எண்ணம். நேரம் எடுத்தாலும் பரவாயில்லை.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். அவுட்லுக் 97 முதல் 2002 வரை உருவாக்கிய பி.எஸ்.டி. ஆன்சி வகை, அதாவது எழுத்துகளைப் பழைய முறையில் வைப்பது. அதன் உச்சவரம்பு 2 ஜிபி. 2003-இல், எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் யூனிகோடு வகை வந்தது. அதற்கு முதலில் 20 ஜிபி, அவுட்லுக் 2010 முதல் 50 ஜிபி என்று வரம்பு வைத்தார்கள். அக்கவுன்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் பகுதிக்குப் போய், கோப்பின் செட்டிங்ஸைத் திறந்தால் ஃபார்மட் என்ற இடத்தில் வகை தெரியும். 97-2002 என்று இருந்தால் ஆன்சி. அவுட்லுக் இல்லாத கணினி என்றால் ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்து பதினொன்றாவது பைட்டைப் பாருங்கள். அதன் மதிப்பு 14 அல்லது 15 என்றால் ஆன்சி, 23 என்றால் யூனிகோடு. ஹெக்ஸ் எடிட்டர் எண்களைப் பதினாறின் அடிப்படையில் காட்டும் என்பதால் 14-ஐ 0E, 15-ஐ 0F, 23-ஐ 17 என்று காட்டும், குழம்ப வேண்டாம்.

ஆன்சி கோப்பை இருந்த இடத்திலேயே யூனிகோடாக மாற்ற அவுட்லுக்கில் வழி கிடையாது. புதிதாக ஒரு டேட்டா ஃபைலை உருவாக்கி, பழையதில் உள்ளதை அதற்குள் இம்போர்ட் செய்ய வேண்டும். சப்-ஃபோல்டர்களையும் சேர்க்கும் தேர்வு டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கோப்புகளும் அதே கணினியின் டிஸ்க்கில் இருக்கட்டும். நெட்வொர்க் டிரைவில் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள். ஆன்சியில் ஒரு பைட் பிடித்த எழுத்து யூனிகோடில் இரண்டு பைட் பிடிக்கும் என்பதால் புதுக் கோப்பு கொஞ்சம் பெருக்கும். டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்க வேண்டும்.

பாதியில் பிழை வந்து நின்றால் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவியை ஓட்டலாம், அதுவும் நகலின் மேல்தான். அது கோப்பின் கட்டமைப்பைச் சரிசெய்யும். சேதமான மெயிலைத் தூக்கி எறியவும் செய்யும். ஒரு தடவை ஓட்டியதும் எல்லாம் சரியாகிவிடாது. பிழை இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். மீண்ட மெயில்கள் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் வந்து கிடக்கலாம், அங்கேயும் எட்டிப் பாருங்கள்.

இப்போது தமிழ் மெயில்களைப் பற்றி. மாற்றுக் கருவிகளின் கையேடுகளில் இது இருக்காது. நமக்கோ இதுதான் முக்கியம்.

பழைய தமிழ் மெயில்கள் இரண்டு விதமாகச் சிதைந்திருக்கும். முதல் விதம், திஸ்கி, டாப், டாம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறிமுறைகளில், அந்தந்த ஃபான்டுக்காக எழுதியவை. திறந்தால் பிரெஞ்சு எழுத்தும் நாணயக் குறியுமாக, பாமினி என்றால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பயப்பட வேண்டாம், பைட்டுகள் அப்படியே இருக்கின்றன. எந்தக் குறிமுறை என்று கண்டுபிடித்து யூனிகோடு மாற்றியில் போட்டால் படிக்க முடியும். ஆனால் ஆர்க்கைவை மாற்றும்போதே இதையும் சேர்த்துச் செய்யாதீர்கள். முதலில் எழுத்தைத் தொடாமல் அப்படியே கொண்டுபோங்கள், அப்புறம் தனியாக மாற்றி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விதம் கேள்விக்குறிகள். யூனிகோடு தமிழில் வந்த மெயிலை ஆன்சி கோப்பு வாங்கி வைத்திருந்தால் தலைப்பு முழுக்கக் கேள்விக்குறியாகியிருக்கும், ஏனென்றால் விண்டோஸில் தமிழுக்கு என்று ஆன்சி கோட்பேஜ், அதாவது எழுத்து அட்டவணை, கிடையாது. புதுக் கோப்புக்கு மாற்றினாலும் அது திரும்பி வராது. ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. இணையம் வழியாக வந்த மெயில் என்றால் அதன் பிராப்பர்ட்டீஸில் இன்டர்நெட் ஹெடர்ஸ் என்ற பெட்டியைப் பாருங்கள். அங்கே சப்ஜெக்ட் வரி, யுடிஎஃப்-8 என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக இருந்தால், அதை ஒரு டீகோடரில் போடுங்கள்; தலைப்பு அழகாகத் தமிழில் வந்துவிடும். எச்டிஎம்எல்லாக வந்த மெயிலின் உள்ளடக்கமும் பல சமயம் தப்பிப் பிழைத்திருக்கும். நாமே அனுப்பிய மெயில்களில் இந்த ஹெடர் இருக்காது, அங்கே கையை விரிக்க வேண்டியதுதான்.

எந்த வடிவத்துக்குப் போவது? அவுட்லுக்கிலேயே தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு யூனிகோடு பி.எஸ்.டி. போதும். அடுத்த தலைமுறையும் திறந்து பார்க்க வேண்டும் என்றால் ஈஎம்எல் அல்லது எம்பாக்ஸ்தான் என் தேர்வு. எம்பாக்ஸ் என்பது பல மெயில்கள் வரிசையாக ஒரே கோப்பில் இருப்பது. ஈஎம்எல் என்பது மெயில் ஒன்றுக்கு ஒரு கோப்பு. எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறக்கும். ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். லிப்பிஎஸ்டி தொகுப்பில் வரும் ரீட்பிஎஸ்டி என்ற இலவசக் கருவி இரண்டு வடிவத்திலும் எடுத்துக் கொடுக்கும். அவுட்லுக் மெயிலைப் பிரித்துப் பிரித்துச் சேமிப்பதால், இப்படி வெளியே எடுப்பது மறுபடி கட்டிய பிரதிதான். உள்ளடக்கம் அதேதான், ஆனால் பைட்டுக்குப் பைட் பழைய மெயில் என்று சொல்ல முடியாது. நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய விஷயம் என்றால் மூலக் கோப்புதான் ஆதாரம். தொடர்பு முகவரிகளும் நாட்காட்டியும் ஈஎம்எல்லில் அடங்காது. அவற்றை விகார்டாகவும் ஐகேலண்டராகவும் தனியே எடுங்கள்.

எம்பாக்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பொறி உண்டு. அதில் ஒவ்வொரு மெயிலும் ஃப்ரம் என்ற சொல்லோடு, பின்னால் இடைவெளி விட்டுத் தொடங்கும். கடிதத்தின் நடுவே ஒரு வரி அதே சொல்லில் ஆரம்பித்து, கருவி அதன் முன்னால் ஒரு அடையாளக் குறி போடவில்லை என்றால், ஒரு மெயில் இரண்டாக உடைந்துவிடும். மாற்றிய பிறகு எண்ணிக்கை கூடியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளின் கோப்பை நேரடியாக எடுத்தாலும் எண்ணிக்கை கூடும். அழித்த மெயில்கள், காம்பாக்ட் செய்யும்வரை, அதாவது அவற்றை நீக்கிக் கோப்பைச் சுருக்கும்வரை, எம்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் என்பதுதான் காரணம். நகலில் காம்பாக்ட் செய்துவிட்டு எடுங்கள்.

யூடோரா என்ற பழைய மெயில் மென்பொருளைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அட்டாச்மென்டுகளைத் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு, மெயிலில் அதன் இருப்பிடத்தை மட்டும் எழுதி வைக்கும். மெயில்கள் இருக்கும் எம்பிஎக்ஸ் கோப்பை மட்டும் எடுத்து வந்தால் ஒரு படமும் வராது.

சரி, மாற்றியாயிற்று. ஃபோல்டர் ஃபோல்டராக எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் மிகப் பழைய மெயில், மிகப் பெரிய அட்டாச்மென்ட் உள்ள மெயில், ஒரு தமிழ் மெயில் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். அட்டாச்மென்டைச் சேமித்து, அது உண்மையிலேயே திறக்கிறதா என்றும் பாருங்கள். சென்ட் ஐட்டம்ஸை விட்டுவிடாதீர்கள். ஐமேப் (மெயில் சர்வரோடு பேசும் முறை) வழியாக சர்வரில் ஏற்றியிருந்தால் தேதிகளைக் கவனியுங்கள். சில கருவிகள் 2004-ஆம் ஆண்டு மெயிலுக்கும் இன்றைய தேதியைப் போட்டுவிடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பழைய கோப்பை அழிக்காதீர்கள். கோப்பின் கைரேகை போன்ற அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதுங்கள். எந்தக் கருவியால், எந்தத் தேதியில் மாற்றினீர்கள், எத்தனை மெயில், எவை மீளவில்லை என்பதையும் அதிலேயே குறித்து, பழைய கோப்போடு சேர்த்து இரண்டு வேறு இடங்களில் வைத்துவிடுங்கள்.