எம்டிஎஃப் பலகைக்கு மரத்தைப் பக்குவப்படுத்துவது எப்படி?

எம்டிஎஃப் என்பது மரத்தை நாராகப் பிரித்து, பிசின் கலந்து, பிரஸ்ஸில் அழுத்திச் செய்யும் பலகை. அந்தப் பலகையில் கறுப்புப் புள்ளி விழுந்தாலும், அறுக்கும்போது ரம்பம் சீக்கிரம் மழுங்கினாலும், பிரஸ்ஸை நோண்டுவதற்கு முன் மரம் அடுக்கிய யார்டைப் பாருங்கள். அங்கே பட்டை சரியாக உரிக்கப்பட்டிருக்காது. புள்ளி பட்டையால் வருவது. ரம்பத்தைத் தின்பது பட்டையில் ஒட்டிவந்த மணல்.

தைலமரம், சவுக்கு, சூபாபுல், ரப்பர் மரம் எல்லாமே ஆகும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சை ஏறும். அந்த மரத்தை முதலில் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மரக் கலவை விகிதத்தை நாளுக்கு நாள் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு மரத்துக்கும் அமிலத்தன்மை வேறு; அதற்கேற்ப பிசின் இறுகும் நேரமும் மாறும்.

மரத்தைச் சிப்பர் இயந்திரத்தில் வெட்டி வரும் சிறு துண்டுகளான சிப்ஸ் 20–25 மி.மீ. நீளம், 3–5 மி.மீ. கனம் இருக்கட்டும். ஒன்றைக் கையில் எடுத்து முனையைப் பாருங்கள். சீவியது போல இருந்தால் சிப்பர் கத்தி நன்றாக இருக்கிறது. நசுங்கிப் பிசிறடித்திருந்தால் கத்தியை மாற்றுங்கள். பெரிய துண்டின் நடுவரை நீராவி போகாது, நார் பிரியாமல் கற்றையாக வரும். தூள் பிசினைக் குடித்துவிடும். இரண்டையும் சல்லடையில் பிரித்து, காந்தத்தில் இரும்பை எடுத்து, கழுவி மணலைப் போக்குங்கள்.

ஈரப்பதம் பார்க்க 150 கிராம் சிப்ஸை 103 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 100 கிராம் மிஞ்சினால், உலர்ந்த எடைக் கணக்கில் ஈரப்பதம் 50 சதவீதம். 40 முதல் 60 வரை நல்லது. காய்ந்த மரம், சிப்ஸைத் தட்டுகளுக்கிடையே அரைக்கும் ரிஃபைனரில் நாராகப் பிரியாமல் நொறுங்கும்.

சிப்ஸை நீராவியில் வேகவைக்கும் டைஜஸ்டரில் சுமார் 7 பார் அழுத்தம், 170 டிகிரி, 3–5 நிமிடம். மர நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் லிக்னின் இளகியதும் ரிஃபைனர் தட்டுகளுக்கிடையே நார் பிரியும். கூடுதலாக வெந்தால் நார் கறுக்கும்.

அதிகம் தப்பு நடப்பது பிசின் கணக்கில்தான். 1000 கிலோ உலர்ந்த நாருக்கு 10 சதவீதம் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் என்றால் 100 கிலோ திடப்பொருள். பிசினில் திடப்பொருள் 65 சதவீதம் என்றால் 154 கிலோ ஊற்ற வேண்டும். 100 கிலோ மட்டும் ஊற்றினால் பலகையின் நடுப்பகுதி பிடிக்காமல் பிரியும். தண்ணீர் குடிக்காமலிருக்க மெழுகு 5–10 கிலோ, அதுவும் திடப்பொருள் கணக்கில்.

பிசின் கலந்த நாரை 9–11 சதவீத ஈரத்துக்கு உலர்த்துங்கள். ஈரம் அதற்கு மேல் போனால் பிரஸ் திறக்கும்போது நீராவி பலகையை ஊதிப் பிளக்கும். மிகவும் காய்ந்தால் உலர்த்தி குழாயில் தீப்பிடிக்கும். பொறி கண்டறியும் கருவி இல்லாமல் உலர்த்தியை ஓட்டவே கூடாது.