ஹெர் ஸ்டோரி: முதல்முறை விளையாடுவோருக்கு ஒரு கைகாட்டி

சாம் பார்லோ 2015-இல் வெளியிட்ட ஹெர் ஸ்டோரி என்ற கணினி விளையாட்டில் ஓட வேண்டாம், சுட வேண்டாம். திரையில் இருப்பது தொண்ணூறுகளின் போலீஸ் கணினி ஒன்று. 1994-இல் இங்கிலாந்தில் கணவன் காணாமல்போன ஒரு பெண்ணை ஏழு முறை விசாரித்த வீடியோக்கள், துண்டு துண்டாக அதற்குள் கிடக்கின்றன. ஒரு சொல்லைத் தட்டினால், அவள் அந்தச் சொல்லைப் பேசிய துண்டுகள் வரும். எங்கே தொடங்குவது என்று புரியாமல் என் நண்பர்கள் சிலர் பாதியில் மூடிவிட்டார்கள். இவ்வளவு நல்ல விளையாட்டை அப்படி விட எனக்கு மனசு வரவில்லை.

படி 1: கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கலாம், விலை சிங்கப்பூர் வெள்ளியிலேயே காட்டும். கைப்பேசிக்கும் உண்டு. ஆனால் பாசிர் ரிஸ் போகும் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு விளையாட இது ஏற்றதல்ல. வீட்டில், ஹெட்போன், நோட்டு, பேனாவோடு உட்காருங்கள். எழுத்து வசனத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: தேடல் பெட்டியில் 'மர்டர்' (கொலை) என்று ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருக்கும். அப்படியே தேடுங்கள். நான்கு துண்டுகள் வரும். நான்கையும் பார்த்து, காதில் விழும் பெயர், ஊர், பொருள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: விளையாட்டின் உயிரே இங்கேதான். ஒரு சொல்லுக்கு எத்தனை துண்டுகள் இருந்தாலும், தேதி வரிசையில் முதல் ஐந்தை மட்டுமே பார்க்க முடியும். கணவன் பெயர் 'சைமன்'. அதைத் தேடினால் ஏகப்பட்டவை இருப்பதாகக் காட்டும், கைக்குக் கிடைப்பது ஆரம்ப நாள்களின் பேச்சு மட்டும். கடைசி விசாரணைகள் எட்டவே எட்டாது. அங்கே போக, அவள் எப்போதாவது சொல்லும் அபூர்வச் சொல் வேண்டும். ஒரு கடையின் பெயரோ, ஒரு பொருளோ, பேச்சோடு பேச்சாக நழுவிய ஊரோ போதும். அழுகையிலும் கோபத்திலும் மயங்காமல் இந்தச் சின்னச் சொற்களைப் பிடியுங்கள். அவள் பேசுவது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்பதால், இங்கே பள்ளியில் படித்த எழுத்துக்கூட்டலே கைகொடுக்கும். ஒருமையில் கிடைக்காவிட்டால் பன்மையில் தேடிப் பாருங்கள்.

படி 4: போலீஸ்காரரின் கேள்வி எந்தத் துண்டிலும் இல்லை, பதில் மட்டும்தான். ஒவ்வொரு துண்டு முடிந்ததும், "இதற்கு என்ன கேட்டிருப்பார்கள்?" என்று யோசியுங்கள். அக்காவோ தம்பியோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் கேட்காமல் விட்டது இன்னொருவர் காதில் விழும். அப்புறம் உடையையும் கைகளையும் பாருங்கள். நடிகை விவா சீஃபர்ட் அங்கேயும் நிறைய விட்டுவைத்திருக்கிறார்.

படி 5: முக்கியமான துண்டுக்கு உங்கள் சொந்தக் குறிச்சொல்லைப் போடலாம், பிறகு அதை வைத்தே தேடலாம். எவ்வளவு பார்த்தாயிற்று என்பதைக் காட்டும் சிறு செயலியும் அதே திரையில் உண்டு. அதை முழுசாக நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதை புரிந்துவிட்டது என்று தோன்றுகிற வரை தேடுங்கள். அதுவரை இணையத்தில் முடிவைப் படித்துவிடாதீர்கள்.

பிடித்துப்போனால், அடுத்து சாம் பார்லோவே 2019-இல் கொண்டுவந்த டெல்லிங் லைஸ் விளையாட்டை எடுங்கள். தேடல் முறை கிட்டத்தட்ட இதேதான், ஆனால் நான்கு பேரைப் பின்தொடர வேண்டும்.