தரங்கம்பாடிக்கு ஒரு நாள்

தரங்கம்பாடிக்குப் போவதென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை. மயிலாடுதுறையிலிருந்து காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் கோட்டை முன்னால் இருக்கும் திடலில் ஒதுங்க நிழல் கிடையாது.

ஊர் வாசலில் இறங்கி, ராஜ வீதியில் நேராகக் கடலை நோக்கி நடந்தால் போதும், பார்க்க வேண்டியவை பெரும்பாலும் வழியிலேயே வந்துவிடும். 1718-இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முகப்பில் டென்மார்க் மன்னரின் முத்திரை இருக்கிறது. அண்ணாந்து பார்க்காமல் போகிறவர்களே அதிகம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கின் கல்லறையும் உள்ளேதான்.

1620-இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் மேல்தளத்துக்கு ஏறினால் கடல் முழுதாகத் தெரியும். என்னைக் கேட்டால், உள்ளே இருக்கும் காட்சிப் பொருள்களைவிட அந்தக் காற்றுதான் மேல். வடக்கே சற்று நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். பழைய கோயிலின் ஒரு பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. கரையோரம் கற்பாறைகள் கிடக்கின்றன. காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குளிக்க இறங்காதீர்கள்.

திரும்பும் வழியில் திருக்கடையூர். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலை 4 மணிக்கு மேல் போனால் சரியாக இருக்கும்.